தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?



எங்கள் குழந்தைகள் வார்டுக்கென்று நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பங்கு, வயிற்றுப்போக்கினால் வாடி வதங்கி வருகிற பிள்ளைகளுக்கே செலவாகிறது. இதைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "சுகமாகி வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஏன் திரும்பவும் அதே நோயோடு வருகிறார்கள்? உங்கள் ஊரில்தான் குழாய் இருக்கிறதே?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு நாலு வரியில் பதில் எழுதினால் அரைகுறையாகிவிடும். ஆகவே இம்முறை நோயாளிகளைப் பற்றி அதிகம் எழுதாமல், தண்ணீரைப் பற்றியே எழுதுகிறோம்.

வார்டில் தாய்மாரிடம், "பிள்ளைக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் அம்மா?" என்று விசாரிப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் கிடைக்கிற பதில், "குழாய்த் தண்ணிதான் ஐயா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பதே. அவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கண்ணாடிபோல்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கையும் டைபாய்டையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவருகிற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு செம்புத் தண்ணீரில் அவை இருந்தாலும் நிறம் மாறாது, மணம் மாறாது, ருசியும் மாறாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலி என்னும் குடற்கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. மனிதர் அல்லது விலங்கின் மலம் தண்ணீரில் கலந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கிருமியே சாட்சி. இதற்கு நேர்மாறாக, இரும்புச்சத்தினால் பழுப்பேறி வருகிற தண்ணீரைக் கண்டு ஜனங்கள் பயப்படுகிறார்கள். துணி கறையாகும் என்பது தவிர அதனால் குடலுக்குப் பெரிய கேடு வருவதில்லை.

இப்பொழுது எங்கள் ஊர்க் குழாயைப் பற்றி. தமிழ்நாட்டின் அநேக பேரூராட்சிகளில் இருக்கிற ஏற்பாடுதான் இங்கும். ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் தண்ணீரை ஏற்றி, மேல்நிலைத் தொட்டியில் நிரப்பி, அதில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து, தெருத்தெருவாக வால்வைத் திறந்து விடுகிறார்கள். ஒரு தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சுமார் ஒரு மணி நேரம் வரும். கோடையில் அந்த இடைவெளி இன்னும் நீளும். தொட்டியின் அடியில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அநேகமாய் நன்றாகவே இருக்கிறது. அது கெடுவது தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வழியில்.

எப்படிக் கெடுகிறது என்று சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை, இணைப்புகளில் கசிவு இருந்தாலும் உள்ளிருக்கும் தண்ணீர்தான் வெளியே போகும்; வெளியிலுள்ள அழுக்கு உள்ளே வர முடியாது. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. குழாய் பாதி காலியாகி, அழுத்தம் போய்விடுகிறது. எங்கள் ஊரிலும் பல இடங்களில் சாக்கடைக்குக் கீழேயும் பக்கத்திலேயும்தான் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. ஈர மண்ணில் ஊறி நிற்கிற சாக்கடைத் தண்ணீர், அதே கசிவின் வழியாக உள்ளே இறங்கிவிடும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது முதலில் வருகிற நாலைந்து குடம் அந்தத் தண்ணீர்தான். ஆவலோடு காத்திருந்தவர்கள் பிடிப்பதும் அதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தம் குறைந்த தெருக்களில், குழாயிலேயே மோட்டாரை இணைத்துத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். அது பக்கத்து வீட்டுக்காரர் பங்கைப் பறிப்பதோடு நிற்பதில்லை. அருகிலுள்ள ஓட்டைகள் வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. மேட்டுப்பகுதியில் குடியிருக்கிற ஏழைகளுக்கு மோட்டார் வாங்க வசதியில்லை. அவர்கள் குழாயைத் தரைக்குக் கீழே தாழ்த்தி, பள்ளம் வெட்டி, அதற்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். தண்ணீர் நின்றபின் அந்தப் பள்ளத்தில் தேங்குவது எங்கே போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வருவதில்லை. பள்ளம் வெட்டாவிட்டால் அவர்களுக்குத் தண்ணீரே கிடையாது.

எரிகோ ஊரார் எலிசாவிடம் வந்து தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி முறையிட்ட சம்பவத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். தீர்க்கதரிசி வீடுவீடாய்ப் போய்க் குடங்களைப் பார்க்கவில்லை, ஊற்றுக்கே போனார். எரிகோவில் குழாய்கள் இல்லை, அது போதுமானதாயிருந்தது. எங்கள் ஊரிலோ ஊற்றைச் சரிசெய்தாலும் தெருவின் கடைசி வீடு மிச்சமிருக்கிறது.

அந்தக் கடைசி வீடுவரைக்கும் தண்ணீரைக் காப்பது எது? அதற்குத்தான் குளோரின். பலர், தொட்டியில் பவுடர் போட்டாயிற்று, கிருமி செத்தது, காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லுவது மெய். அதோடு, தண்ணீரிலுள்ள மற்ற அழுக்கோடும் சேர்ந்து செலவாகிவிடும் குணமும் அதற்கு உண்டு. தண்ணீர் எவ்வளவு அழுக்கோ அவ்வளவு சீக்கிரம் அது தீரும். அப்படிச் செலவானது போக மிஞ்சி நிற்பதையே எஞ்சிய குளோரின் என்கிறார்கள். வழியில் புதிதாய் நுழைகிற கிருமியோடு போராடுவது இந்த மிச்சம்தான். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு சொல்லுகிறது. ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவுதான், ஆனால் அது அங்கே இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு தெருப் பிள்ளைகளின் சுகம் அடங்கியிருக்கிறது. குழாயில் லேசாக மருந்து வாடை வந்தால் ஜனங்கள் முகம் சுளித்துப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள். அந்த வாடை வராத நாளில் ஒருவரும் போவதில்லை.

பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாய் வாங்கிய நல்ல ப்ளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து, பம்ப் ரூமில் வாயைக் கட்டாமல் வைத்தால், வெயிலும் ஈரமும் பட்டு அந்தச் சத்து நாளுக்கு நாள் போய்விடும். ஆனால் பவுடர் அதே வெள்ளையாய்த்தான் இருக்கும், வாடையும் ஓரளவு இருக்கும். சித்திரை வெயிலில் கிடந்த மூட்டையிலிருந்து அளந்து போடுகிற ஆபரேட்டர், உண்மையாகவே தம் கடமையைச் செய்ததாகத்தான் நம்புவார். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது புத்தகக் கணக்கு. அதைச் சிறிது தண்ணீரில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலுள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். போட்ட அளவைப் பார்த்து நம்பிவிட முடியாது. கடைசிக் குழாயில் மிஞ்சியிருப்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் நம் நாட்டு ஏழ்மையினால் வருகிற தொல்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக, கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே அப்போது சுமார் 4,800 பேர் இருந்தார்கள். செல்வ நாடு, நல்ல குழாய்கள், இரவும் பகலும் தண்ணீர். ஊருக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில் 5-ஆம் எண் கிணறு ஆழம் குறைந்தது; வெடிப்புகளுள்ள பாறையிலிருந்து நீர் பெற்றது. பக்கத்தில் பண்ணை நிலம். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்நிலத்தில் மாட்டெரு இட்டிருந்தார்கள். பண்ணைக்காரர் முறைப்படியே செய்தார், அவர்மேல் குற்றமில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. மே 8 முதல் 12-ஆம் தேதிவரை 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எருவிலிருந்த கிருமிகள் மழைநீரோடு கிணற்றுக்குள் இறங்கின. போட்டுவந்த சிறிதளவு குளோரின் அந்த அழுக்குக்கே செலவாகிப்போக, மிச்சம் ஒன்றுமில்லாமல் தண்ணீர் ஊருக்குள் போயிற்று.

அந்த ஊர்க் குடிநீர்ப் பணியாளர்கள் தினமும் எஞ்சிய குளோரினை அளக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் பல நாட்கள் அளக்காமலேயே, பதிவேட்டில் 0.5 என்றும் 0.75 என்றும் எழுதிவந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு ஊருக்குத் தீங்கு செய்யவேண்டுமென்று அப்படி எழுதவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் இயல்பாகவே சுத்தமானது என்று நம்பினார்கள். சுத்திகரிக்காத கிணற்று நீரைத் தாங்களே குடித்தும் வந்தார்கள். குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊரார் முறையிட்டதால் அளவைக் குறைத்தும் போட்டார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் ஊர் ஞாபகந்தான் வந்தது.

மே 17-ஆம் தேதி பரிசோதனைக்கூடம், தண்ணீரில் ஈ-கோலி இருக்கிறதென்று குடிநீர் நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவில்லை. அப்படித் தெரிவிக்க வேண்டுமென்ற கட்டாயமும் அப்போது அந்தக் கூடத்துக்கு இல்லை. மறுநாள், பக்கத்து நகரமான ஓவன் சவுண்டின் மருத்துவமனைக்கு இரண்டு பிள்ளைகள் இரத்தபேதியோடு வந்தார்கள். ஒரே ஊரிலிருந்து இருவர் என்பதைக் கவனித்த குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டு, 19-ஆம் தேதி சுகாதார அதிகாரிகளுக்குச் சொன்னார். அதிகாரிகள் குடிநீர் நிர்வாகத்தைக் கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது. 21-ஆம் தேதிதான், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. 7 பேர் மரித்தார்கள். 2,300-க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். 27 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்த அறிவிப்பு நீக்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதியில்.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரித்து 2002-இல் அறிக்கை கொடுத்தார். அந்தக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கிற கருவி இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவல் நிகழ்ந்தேயிராது என்பது அவருடைய முடிவு. தினம் ஒருமுறை ஒழுங்காய் அளந்திருந்தால்கூட நோயுற்றவர்களின் தொகை வெகுவாய்க் குறைந்திருக்கும் என்றும் அவர் கண்டார். அதே ஆண்டில் அந்த மாகாணம் குடிநீர்ப் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது.

வாக்கர்டனில் உண்மையை முதலில் மோப்பம் பிடித்தது ஒரு குழந்தைகள் மருத்துவர் என்பதை நாங்கள் எங்கள் வார்டுச் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டினோம். இப்பொழுது அட்மிஷன் பதிவேட்டில் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரையும் எழுதுகிறார்கள். ஒரே வாரத்தில் ஒரே தெருப் பெயர் மூன்று முறை வந்தால், சமுதாய நலப் பிரிவுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பிரிவின் ஊழியர் இருவர், தண்ணீர் திறக்கிற நாட்களில் விடியற்காலையில் புறப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் கடைசிக் குழாய்க்குப் போகிறார்கள். கையடக்கமான ஒரு பெட்டி. அதில் சிறு கண்ணாடிக் குழல்கள். தண்ணீரைப் பிடித்து, மாத்திரை ஒன்றைப் போட்டால், குளோரின் இருக்குமானால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ குளோரினும் அவ்வளவு. பெட்டியிலுள்ள வர்ண அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். (முன்பு மஞ்சள் நிறம் காட்டுகிற திரவம் ஒன்று எங்கும் வழக்கத்தில் இருந்தது, அந்த இரசாயனமே புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகத்தினால் பல இடங்களில் அதை விட்டுவிட்டார்கள்.) நிறமே வராவிட்டால் உடனே டேங்க் ஆபரேட்டருக்குப் போன் செய்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்க வருகிறார்களோ என்று அவர் முதலில் தயங்கினார். இப்போது, "இன்றைக்கு எந்தத் தெருவில் வரவில்லை?" என்று அவரே கேட்கிறார். எந்த இணைப்பில் உடைப்பு இருக்கிறதென்று கண்டுபிடிக்க அது அவருக்கு உதவுகிறது. ஒரே மனிதர் மூன்று தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளுகிறார்; எல்லாத் தெருவின் கடைசிக்கும் அவரால் நடக்க முடியாது.

இன்னொரு சோதனையும் செய்கிறோம். 1982-இல் குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் மஞ்சா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட எளிய முறை அது. மருந்தில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, வீட்டில் சும்மா வைத்துவிட வேண்டும். மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். மின்சாரமோ நுண்ணோக்கியோ தேவையில்லை. முந்தினநாள் கண்ணாடிபோல் இருந்த தன் வீட்டுத் தண்ணீர் மறுநாள் மைபோலக் கறுத்திருப்பதைப் பார்த்த ஒரு தாய்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நாங்கள் வார்டில் அரைமணி நேரம் பேசுகிறதைவிட அந்தப் பாட்டில் நன்றாய்ப் பேசுகிறது.

நீங்கள் உங்கள் வீடுகளில் செய்யத்தக்கதையும் எழுதிவிடுகிறோம். குழாய் திறந்தவுடன் வருகிற முதல் தண்ணீரைத் துணி துவைக்கவோ செடிக்கோ விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் குமிழியிட்டுக் கொதிக்கும்வரை காய்ச்சுங்கள், அது போதும். ஆறியபின் அதைக் கழுவாத பழைய குடத்தில் ஊற்றி, கையை விட்டு டம்ளரால் மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். வாய் குறுகிய பாத்திரம், மூடி, நீளக் கைப்பிடியுள்ள கரண்டி, அல்லது அடியில் குழாய் வைத்த பானை நல்லது. கேன் தண்ணீரும் வீட்டில் மாட்டுகிற ஆர்.ஓ. இயந்திரமும் இன்று சிற்றூர்களிலும் வந்துவிட்டன. ஆர்.ஓ. தண்ணீரில் காவலுக்குக் குளோரின் மிஞ்சியிருக்காது. ஆகவே பாத்திரச் சுத்தம் இன்னும் முக்கியம். வீட்டு வாசலில் வந்து டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக் காட்டி, "பாருங்கள், 700!" என்று பயமுறுத்துகிற விற்பனையாளர்களை நம்பி ஓடாதீர்கள். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

கொதிக்கவைப்பதாலும் குளோரினாலும் தீராத குறைகளும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். காய்ச்சினால் அது போகாது. அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்கிற கிருமியால் 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நோயுற்றதும் உண்டு. அதற்கு நல்ல வடிகட்டலும் காய்ச்சுவதும்தான் பரிகாரம்.

எல்லாரும் காய்ச்சிக் குடித்துவிட்டால் போகிறது, ஊர்க் குழாயைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். சிலிண்டரை ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் ஓட்டப் பார்க்கிற வீட்டில், தினம் பத்து லிட்டர் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லுவது எளிது, செய்வது கடினம். எங்கள் வார்டுக்கு வருகிற பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்து அவர்களைத் தேற்றி அனுப்பலாம், அனுப்புகிறோம். ஆனால் அவர்கள் திரும்பிப் போவது அதே பள்ளத்துக் குழாய்க்கு. மருந்து வாடையுள்ள குழாய்த் தண்ணீர் பணக்காரர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒரேவிதமாய்ப் போகும். ஆகவேதான் அதன்மேல் இவ்வளவு பிரயாசம் எடுக்கிறோம்.

அன்பர்கள் பலர் தங்கள் பெற்றோரின் ஞாபகார்த்தமாகக் கட்டிலும் தொட்டிலும் வாங்கித் தந்திருக்கிறார்கள். பெயர் பொறித்து வைத்திருக்கிறோம். இளஞ்சிவப்பு மாத்திரைக்கும் காகிதத் துண்டுப் பாட்டிலுக்கும் பெயர் பொறிக்க இடமில்லை. ஒருமுறை உபயோகித்தால் தீர்ந்தது. காலாவதி தேதியும் உண்டு, ஆகையால் ஆண்டுதோறும் புதிதாய் வாங்க வேண்டும். இதற்கென்று உதவ விரும்புகிறவர்கள், காணிக்கை அனுப்பும்போது "குடிநீர்ச் சோதனை" என்று குறிப்பிட்டால் அதைத் தனிக் கணக்கில் வைப்போம். ஐப்பசி மழை தொடங்கினதும், மேட்டுத்தெருவிலுள்ள பள்ளத்துக் குழாய்கள் எல்லாவற்றிலும் வாரம் ஒருமுறை பாட்டில் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். எத்தனை கறுத்தன, எத்தனை தெளிவாயிருந்தன என்பதை ஜனவரி இதழில் தெரு வாரியாக எழுதுவோம்.